பிராசஸரை மாற்றினால் கணினி வேகமாகுமா?

கணினி திணறினால் பலரும் பிராசஸரைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் அது வீண்பழி. 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் நொடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கோ கேட்ட தகவலைத் தேடிப்பிடிக்கவே சுமார் 10 மில்லிநொடி எடுக்கும். அதற்குள் 3 கோடி துடிப்புகள் கடந்துவிடும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டே இல்லாததால் அந்தத் தாமதம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகிறது. கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் பழைய கணினி வைத்திருப்பவர் முதலில் மாற்றவேண்டியது டிஸ்க்கை. ரேம் போதாவிட்டால் அதையும்.

அப்படியானால் வேகமான பிராசஸரே தேவையில்லையா என்று கேட்கலாம். வீடியோ எடிட்டிங், கேம் போன்றவற்றுக்குத் தேவை என்பதில் சந்தேகமில்லை. சாதாரணப் பயனருக்கும் ஓரிடத்தில் தேவை, அதுதான் இணையப் பக்கம். காரணம், பிராசஸர்கள் வளர்ந்த விதம். வெப்பத்தைச் சமாளிக்க முடியாமல் 2004இல் இன்டெல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டது. அதன்பிறகு கிகாஹெர்ட்ஸைவிட, பிராசஸருக்குள் தனித்தனியே வேலைசெய்யும் கோர்களின் எண்ணிக்கைதான் அதிகம் பெருகியது. ஆனால் பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் பெரும்பாலும் ஒரே கோரில் ஓடுகிறது. மலிவான போனில் எட்டு கோர் இருந்தும் பக்கம் தடுமாறுவது இதனால்தான். ஆகவே வாங்கும்போது கோர்களை எண்ணுவதைவிட ஒற்றைக் கோரின் வலிமையைப் பார்க்கவேண்டும். ஆனாலும், பக்கங்களைத் தேவையில்லாமல் கனமாக்கும் நிறுவனங்கள் பயனரைப் புதுப் போன் வாங்க வைப்பது நியாயமே இல்லை.