பதினேழு கிலோ இழுத்த படுக்கை

போன கோடையில் அம்மா திருநெல்வேலியிலிருந்து லீட்ஸுக்கு வந்திருந்தாங்க. என்னுடைய பழைய ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேனில் லேக் டிஸ்ட்ரிக்ட் கூட்டிப்போனேன். மூன்றாம் நாள் மதியம் கெஸ்விக் கடைத்தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பினால், அம்மா சீட்டில் உட்கார்ந்தபடியே கழுத்து சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாங்க.

"படுக்கையை விரிச்சிருக்கலாம்லா?"

"இழுத்துப் பாத்தேன்யா, வரல. தோளு பிடிச்சிக்கிட்டா உனக்குத்தான சிரமம்."

ஐந்து வருஷமாக அந்தப் படுக்கையை நான் ஒரே தம்மில் இழுத்துப் போடுகிறேன். அடுத்தவருக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்ததே இல்லை. நான் பக்கத்தில் இருந்தால்தான் அம்மா படுக்க முடியும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இந்த வகைப் படுக்கைக்கு இங்கிலாந்தில் 'ராக் அண்ட் ரோல்' என்று பெயர். பகலில் சீட், இரவில் கட்டில். உட்காரும் பலகையும் முதுகுப் பலகையும் ஒரு கீலில் சேர்ந்திருக்கும். முன்விளிம்பைத் தூக்கி நம் பக்கம் இழுத்தால், கீல் இருக்கும் மூலை இரும்புச் சட்டத்தின் மேல் முன்னால் நகரும்; முதுகுப் பலகை பின்னால் சாயும்; இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும்.

முதலில், படுக்கை கனம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். காரின் டிக்கிக் கதவைத் தூக்கிப் பிடிக்குமே, அந்த கேஸ் ஸ்ட்ரட் இரண்டு வாங்கி அடியில் மாட்டினேன். காசுதான் போச்சு. பலகை கிடையாக இருக்கும்போது ஸ்ட்ரட்டும் கிட்டத்தட்டக் கிடையாகவே கிடக்கிறது. அதன் விசையெல்லாம் கீலைப் பார்த்துப் போய்விடுகிறது, தூக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். பலகை பாதி எழுந்த பிறகு அதே விசை நல்ல கோணத்தில் வந்து படாரென்று மேலே தள்ளுகிறது. உதவி கேட்ட இடத்தில் இல்லை. கேட்காத இடத்தில் ஏகப்பட்டது!

சரி, அளந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர் வீட்டில் பெட்டி எடை பார்க்கும் கைத்தராசு இல்லாமல் இருக்காதே. அதை முன்விளிம்பில் கொக்கி மாட்டி இழுத்தேன். 17 கிலோ காட்டியது.

இப்போது கணக்கு. பலகை 110 செ.மீ.க்கு 60 செ.மீ.; 18 மி.மீ. பிர்ச் பிளைவுட் ஒரு சதுர மீட்டர் சுமார் 12 கிலோ. ஆக, பலகை 8 கிலோ. ஃபோமும் உறையும் 3 கிலோ. மொத்தம் 11. இதில் ஒரு முனையைக் கீல் தாங்குகிறது, எனவே முன்விளிம்பைத் தூக்குபவர் கைக்கு வருவது பாதி, ஐந்தரை கிலோ. மீதி பதினொன்றரை கிலோ எடையே இல்லை! எங்கேயோ பிடிக்கிறது, உரசுகிறது.

தேடியதில் மூன்று இடம் அகப்பட்டது.

ஒன்று, மூலை. முன்விளிம்பைத் தூக்கும்போது இரண்டு பலகைக்கும் நடுவிலுள்ள கோணம் முதலில் குறுகுகிறது. 10 செ.மீ. ஃபோம் இரண்டும் அங்கே நசுங்கி எதிர்க்கின்றன. உறையைக் கழற்றி, மூலையில் சந்திக்கும் ஃபோம் ஓரங்களைச் சரிவாகச் சீவினேன். தராசு 12க்கு இறங்கியது.

இரண்டு, சட்டம். பிளைவுட் நேராக இரும்பில் உரசிக்கொண்டிருந்தது. சமையலறையில் கிடந்த வெள்ளை பிளாஸ்டிக் காய் வெட்டும் பலகையைப் பட்டைகளாக அறுத்து, உரசும் இடங்களில் அடியில் திருகினேன். திருகின் தலை உள்ளே அமுங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே சட்டத்தைக் கீறும். சட்டத்தின் மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன். எண்ணெய், கிரீஸ் வேண்டாம். தூசியும் சேரும், உறையும் கறையாகும். இப்போது எட்டரை.

மூன்று, இழுக்கும் வார். அது கதவோரமாக, ஒரு மூலையில் இருந்தது. அகலமான மேசை டிராயரை ஒரு பக்கக் கைப்பிடியை மட்டும் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு சிக்குமே, அதே கதை. நீளமான வார் ஒன்றின் இரண்டு முனைகளையும் பலகையின் இரண்டு ஓரத்திலும் அடித்து, நடுவில் பிடித்து இழுத்தேன். ஏழு.

ஸ்ட்ரட்டைக் கழற்றி வைத்துவிட்டேன்.

நீங்களும் இறங்குவதாக இருந்தால் ஒன்று மட்டும்: இரும்புச் சட்டத்தில் கை வைக்காதீங்க. பகலில் அதே சீட்டில் ஆள் பெல்ட் போட்டு உட்காருகிறார். வண்டி மோதினால் அவர் உடம்பின் இழுப்பைத் தாங்கி வண்டித் தரைக்குக் கடத்துவது அந்தச் சட்டம்தான். லேசாக்குகிறேன் என்று அதில் ஓட்டை போடுவதும் அறுப்பதும் உயிரோடு விளையாடுவது.

இன்னும் ஒரு குறை உண்டு. திரும்ப மடிக்கும்போது முதுகுப் பலகையையும் எழுப்ப வேண்டும், அது இப்போதும் கனம்தான். காலையில் அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா ஊருக்குக் கிளம்புவதற்கு முன் வாரக் கடைசியில் ஒரு தடவை விட்பி கடற்கரைக்குப் போனோம். தேநீர் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் வேனின் திரை மூடியிருந்தது. சத்தம் போடாமல் வெளியே நின்று இரண்டு கோப்பையையும் நானே குடித்தேன்.