மறைந்திருப்பாரை அறியும் ஆட்டம்
புதிதாய் ஆடுவோர்க்குச் சில குறிப்புக்கள்

ஆசிரியர் வகுப்புக்கு வரத் தாமதித்த வேளைகளில், கடதாசித் துண்டுகளில் இராசா, இராணி, மந்திரி, பொலிஸ், கள்ளன் என எழுதிக் குலுக்கிப்போட்டு விளையாடாத பழைய மாணவர் நம்முள் இலர் எனலாம். பொலிஸ் சீட்டை எடுத்தவன் ஏனையோர் முகக்குறிப்பை நோக்கிக் கள்ளனைச் சுட்டவேண்டும். இன்று நம் மாணாக்கர் கைத்தொலைபேசியில் ஆடும் விளையாட்டுக்கள் சில இதற்கு நெருங்கிய உறவினவே.

1986ஆம் ஆண்டளவில், மொஸ்கோ அரச பல்கலைக்கழகத்தில் உளவியல் பயின்ற டிமிட்ரி டேவிடோவ் என்பார் 'மாபியா' என்னும் ஆட்டத்தை வகுத்தார். 1997இல் அமெரிக்கராகிய அன்ட்ரூ புளொட்கின் அதற்கு ஓநாய் மனிதர் கதையைப் புனைந்தார். 2018இல் வெளிவந்த 'அமொங் அஸ்' இவ்வழியில் வந்ததே. 2020இல் கொவிட் நோயினால் வீடுகளில் அடைபட்டிருந்த இளைஞரிடையே அஃது உலகெங்கும் பரவிற்று.

இவ்வாட்டத்தில் பலர் பணியாளர். சிலர் அவர்போல் நடிக்கும் வேடதாரிகள். வேடதாரிகள் ஒருவரையொருவர் அறிவர். பணியாளரோ எவரையும் அறியார். வேடதாரிகள் தனித்திருப்போரைக் கொல்வர். உடல் காணப்பட்டதும் அனைவரும் கூடி உரையாடி, வாக்களித்து ஒருவரை வெளியேற்றுவர். வேடதாரிகள் அனைவரும் வெளியேறினும், பணிகள் யாவும் நிறைவுறினும் பணியாளர் வெல்வர். இரு சாராரின் தொகையும் சமமாயின் வெற்றி வேடதாரிகளுக்கே.

அறிந்த சிலர் அறியாத பலரை வெல்வது எளிதோ? 2008இல் வெளிவந்த கணித ஆய்வொன்று, துப்பறிவோர் இல்லாத மாபியா ஆட்டத்தில், மொத்தத் தொகையின் வர்க்கமூலத்தையொட்டிய அளவினரே கரந்திருப்பினும் இரு சாராரும் ஏறத்தாழச் சமவாய்ப்புப் பெறுவர் எனக் காட்டியது. பலராயிருத்தல் மாத்திரம் பலமாகாது.

ஆகவே, புதியவர் முதலில் அறைகளையும் வழிகளையும் மனத்திற் பதித்தல் வேண்டும். இடமறியாதான் சாட்சியும் சொல்லான். தனியே திரிதல் தீது. இருவராய்ச் செல்லின், ஒருவர் கொலையுண்டவழி மற்றவர்மீது ஐயம் விழும். மூவராய்ச் செல்லுதல் அதனினும் நன்று. கூட்டத்தில் பேசுங்கால், எங்கு நின்றோம், எவரைக் கண்டோம், எப்பொழுது கண்டோம் என்பவற்றைச் சுருங்கச் சொல்க. கண்டதையும் கருதியதையும் கலந்துரைத்தல் ஆகாது. யார் யாருக்கு வாக்களித்தார் என்பதையும் நினைவிற் கொள்க. சொல்லை மாற்றலாம், அளித்த வாக்கை மாற்றவியலாது.

வேடம் வாய்த்தவர்க்கு விராட பருவத்தினும் சிறந்த பாடமில்லை. திரௌபதை அம்மன் தீமிதிக்குப் பெயர்பெற்ற உடப்பிலே பாரதக் கதை அறியாச் சிறுவரும் உளரோ? வீமன் மடைத்தொழிலையும், நகுலன் குதிரை பேணுதலையும் ஏற்றனர். தாம் நன்கறிந்த தொழிலையொட்டியே வேடம் புனைந்தமையால் அவர் பொய் நிலைத்தது. ஆயினும் கீசகன் மாண்ட செய்தி கேட்டதும், இது வீமன் செயலாகும் எனத் துரியோதனன் ஐயுற்றான். முகத்தை மறைக்கலாம், செயலின் சாயலை மறைத்தல் அரிது. பணியாளரும் செயலையே நோக்குக.

எண்ணிக்கையும் மறக்கற்பாலதன்று. எழுவர் எஞ்சிய நிலையில் வேடதாரிகள் இருவர் எனக் கொள்வோம். குற்றமற்ற ஒருவரை வெளியேற்றின் பணியாளர் நால்வராவர். பின்னர் இரு கொலைகள் நிகழின் இருவர்க்கு இருவராய் ஆட்டம் முடிந்துவிடும். சான்றில்லாதவிடத்து எவரையும் சுட்டாது வாக்கைக் கடத்திவிடவும் இவ்வாட்டத்தில் இடமுண்டு. தவறாக வெளியேற்றுதலினும் அதுவே பலவேளைகளில் மேலாகும்.

புதியவர் செய்யும் பெரும் பிழை, மௌனத்தைக் குற்றமெனக் கொள்ளுதல். கரையோரச் சிற்றூரிலிருந்து ஆடும் மாணாக்கனுக்கு அலைத்தொடர்பு அறுந்துபோகலாம்; விரைந்து தட்டச்சிட வராதிருக்கலாம். அவன் வாய் திறக்குமுன் நால்வர் அவன் பெயரைக் குறித்துவிடுவர். வெளியேறிய பின்னரே அவன் குற்றமற்றவன் என்பது புலனாகும்.

விளையாட்டில் அடுத்த ஆட்டம் உண்டு, வாழ்வில் அஃதில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் புலிகள் இயக்கத்தால் ஒருங்கே வெளியேற்றப்பட்டுப் பல்லாயிரவராய்ப் புத்தளக் கரையை அடைந்ததை நம் மாவட்டம் கண்ணாரக் கண்டது. அங்கே ஒருவரேனும் தனித்தனியே விசாரிக்கப்பட்டிலர். அம்மக்களின் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் இன்று ஒரே ஆட்டத்தில் அமர்ந்திருத்தல் கூடும்.

வள்ளுவனார் 'தெரிந்துதெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். மாணாக்கர் ஆடுக, அளவோடு ஆடுக, அறிந்தாரோடு ஆடுக. வாக்களிக்குமுன், யாம் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என ஒருமுறை தம்மையே வினவிக்கொள்க. அப்பழக்கம் கைவரின், ஆட்டத்திற் செலவிட்ட பொழுது வீணன்று என்பது எமது துணிபு.