லேட்டுக்குக் காரணம்: யானை!

சென்னையில் ஆபீஸுக்கு லேட்டாகப் போனால் என்ன சொல்வீர்கள்? டிராஃபிக் ஜாம், மின்சார ரயில் லேட், மிஞ்சிப் போனால் பாட்டி சாவு (அதுவும் மூன்றாவது தடவையாக!). வால்பாறையில் எங்களுக்கு அந்தச் சிரமமே கிடையாது. ''ரோட்டுல யானை நிக்குது சார்!'' அவ்வளவுதான். மானேஜர் மறுபேச்சுப் பேச மாட்டார். அவரே முந்தாநாள் அதே காரணத்தால்தான் லேட்!

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் எங்கள் ஊர். ஒன்பதாவது வளைவில் பஸ் மூச்சு வாங்கும்போது எட்டிப் பாருங்கள். பாறை விளிம்பில் ஒரு வரையாடு, 'இதுக்கேவா இந்த இரைப்பு?' என்கிற மாதிரி பார்க்கும். நம் மாநில விலங்காச்சே, அந்த மிடுக்கு இருக்காதா? மேலே புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது. அபூர்வப் பிறவி என்று வெளிநாட்டிலிருந்து வந்து படம் பிடிக்கிறார்கள். அந்த அபூர்வப் பிறவியிடமிருந்து சோற்றுப் பானையைக் காப்பாற்றுகிற கஷ்டம் லைன் வீட்டு அம்மாக்களுக்குத்தான் தெரியும்!

இதெல்லாம் தமாஷ். தமாஷ் இல்லாதது யானை.

1890-களில் இந்த மலையில் காட்டை வெட்டிக் காப்பியும் தேயிலையும் போட ஆரம்பித்தார்கள். சுற்றிலும் இன்றைக்கும் காடு. நடுவே பச்சைக் கம்பளம் மாதிரி தேயிலை. அதற்குள்ளே 2011 கணக்குப்படி 70 ஆயிரத்துச் சொச்சம் ஜனங்கள். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகிற யானை எந்த வழியாகப் போகும்? தாத்தா, பாட்டி போன அதே வழிதான். நடுவில் நம் ரோடும், ரேஷன் கடையும் முளைத்திருப்பது அதற்கு எப்படித் தெரியும்? தெரிந்த பிறகு, ரேஷன் அரிசியையும் ஒரு கை... சாரி, ஒரு துதிக்கை பார்த்துவிட்டுப் போகிறது.

இங்கே யானையால் உயிர் விட்டவர்களில் பெரும்பாலோர் அதைச் சீண்டப் போனவர்கள் இல்லை. பக்கத்தில் யானை நிற்பதே அவர்களுக்குத் தெரியாது. அந்தி நேரம், பனிமூட்டம், பஸ்ஸை விட்டு இறங்கி லைன் வீட்டுக்கு நடக்கிற அப்பாவிகள். பத்தடியில் நிற்கிற பாறை திடீரென்று காதை ஆட்டினால் என்ன செய்ய முடியும்?

இதைக் கவனித்தவர்கள் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆராய்ச்சியாளர்கள். யானையை விரட்டாமல், அது நிற்கிற இடத்தை ஜனங்களுக்குச் சொன்னால் என்ன என்று யோசித்தார்கள். முதலில் உள்ளூர் கேபிள் டி.வி.யில் அடியில் ஓடும் எழுத்து. சினிமாப் பாட்டுக்குக் கீழே 'இன்ன எஸ்டேட்டில் யானை' என்று ஓடும்! 2011-லிருந்து செல்போனில் எஸ்.எம்.எஸ். அப்புறம் மேட்டில் கம்பம் நட்டு சிவப்பு விளக்கு. செல்போனில் கூப்பிட்டாலே எரியும். எரிந்தால், பக்கத்தில் யானை இருக்கிறது என்று அர்த்தம். யானையைப் பார்த்த உள்ளூர்க்காரர்களே விளக்கைப் போடலாம். வம்புக்குப் போட்டு விளையாடுகிறவர்கள் ரொம்ப அபூர்வம். இந்த வேலைக்காக எம்.ஆனந்தகுமாருக்கு 2015-ல் லண்டனில் விட்லி விருது கொடுத்தார்கள்.

பட்டணத்தில் சிவப்பு விளக்கைக் கண்டால் ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறவர்கள் உண்டு. இங்கே அந்தப் பேச்சே கிடையாது.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். கம்பத்தில் விளக்கு எரிகிறது. எட்டுப் பேர் டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டோம். கீழேயிருந்து வேலைக்குப் புதிதாக வந்த பையன் மட்டும் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு துடியாய்த் துடித்தான்.

''ஒரே ஒரு போட்டோ அண்ணே... எடுத்துட்டு ஓடியாந்துடறேன்!''

ரிட்டயரான கங்காணி ஒருவர் டீயை உறிஞ்சியபடியே சொன்னார்:

''யானைய நாளைக்கும் பாக்கலாம் தம்பி. உன்னை நாளைக்கும் பாக்கணும்ல?''

பையன் உட்கார்ந்தான். ஒன்றரை மணி நேரம், ஆளுக்கு மூன்று டீ. மூட்டம் விலகியபோது பார்த்தோம். நாங்கள் வழக்கமாக நடக்கிற குறுக்குப் பாதையில் மூன்று பெரிய யானைகள். நடுவே, தாயின் காலுக்குள் ஒளிந்தபடி ஒரு குட்டி. அவசரமே இல்லாமல் ரோட்டைத் தாண்டி ஆற்றோரச் சோலைக்குள் போய்விட்டன. குட்டியோடு இருக்கிற கூட்டத்தின் நடுவே அவன் போய் நின்றிருந்தால்? பையன் போட்டோ எடுக்கவே மறந்துவிட்டான். கை நடுங்கியது.

சனி, ஞாயிறு பைக்கில் மலை ஏறிவருகிற தம்பிகளுக்கு நாலு வார்த்தை. இருட்டின பிறகு ரோட்டோரம் வண்டியை நிறுத்தாதீர்கள். யானை நின்றால் ஹாரன் வேண்டாம், செல்ஃபி வேண்டவே வேண்டாம். தூரத்திலேயே நின்று, அது போன பிறகு போங்கள். காட்டெருமை பார்க்கச் சாது மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒரு டன் எடையுள்ள சாது! தின்ற மிச்சத்தை எறிந்து குரங்குக்கு ருசி காட்டாதீர்கள். அப்புறம் அது ரோட்டுக்கு வந்து வண்டியில் அடிபடும்.

மலையில் வீரம் என்றால் கிட்டே போவது இல்லை, வழி விடுவது. நாற்பது வளைவும் ஏறி வந்துவிட்டேன் என்று மார் தட்டுவது பாதிக் கதைதான். நாற்பதும் இறங்கி முழுசாய் வீடு போய்ச் சேருங்கள்... அம்மா காத்திருப்பாங்க இல்லே?