ஒரு வருகை, ஒரு வரி

இணையதளம் ஒன்றைத் திறக்கிறீர்கள். பக்கம் திரைக்கு வந்து சேர்ந்ததும், அதை அனுப்பிய சர்வர் உங்கள் வருகையை ஒரே வரியில் குறித்துக்கொள்கிறது. இப்படி வரிகள் சேரும் கோப்புக்கு அணுகல் பதிவு, அதாவது அக்சஸ் லாக் என்று பெயர். 1995இல் வெளிவந்த அப்பாச்சி சர்வரில் அந்த வரியை அமைப்பது ‘மாட் லாக் கான்ஃபிக்’ என்ற சிறு நிரல்கூறு.

பலரும் பயன்படுத்தும் பொது வடிவத்தில் ஒரு வரிக்கு ஏழு தகவல்கள்: முகவரி, அடையாளம், பயனர் பெயர், நேரம், கேட்ட பொருள், முடிவு எண், அனுப்பிய அளவு. முடிவு எண் 200 என்றால் கேட்டது கிடைத்தது. 404 என்றால் அப்படி ஒரு பக்கமே இல்லை. இரண்டாவது தகவல் பெரும்பாலும் வெறும் சிறுகோடுதான். தெரியாததை ஊகித்து நிரப்பும் வழக்கம் இங்கே இல்லை.

எதையெல்லாம் எழுத வேண்டும் என்பதை நிர்வாகி ஒரு சூத்திரமாகத் தருகிறார். சதவீதக் குறியும் ஓர் எழுத்தும் சேர்ந்தால் ஒரு தகவல். சர்வர் தொடங்கும்போதே இந்தச் சூத்திரத்தைப் படித்து, ஒவ்வொரு குறிக்கும் உரிய செயற்கூறை, அதாவது அந்த ஒரு வேலையை மட்டும் செய்யும் நிரல்துண்டை, வரிசையாகக் கோத்துவிடுகிறது. பந்தி தொடங்கும் முன்பே சாதத்துக்கு ஒருவர், சாம்பாருக்கு ஒருவர் என்று நிறுத்திவிடுவது போல. பிறகு லட்சம் பேர் வந்தாலும் சூத்திரத்தைத் திரும்பப் படிக்க வேண்டியதில்லை.

நேரத்தை எழுதுவதிலும் சிக்கனம் உண்டு. ஒரே நொடியில் நூறு பேர் வந்தால், தேதியையும் மணியையும் நூறு முறை கணக்கிடுவது வீண். அண்மைய நொடிகளுக்குக் கணக்கிட்டதைச் சர்வர் நினைவில் வைத்து மீண்டும் எடுத்துக்கொள்கிறது. பக்கத்தை அனுப்ப எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டால், நொடியின் 10 லட்சத்தில் ஒரு பங்கு வரை துல்லியமாகச் சொல்கிறது. பக்கம் முழுதாகப் போய்ச் சேரும் முன்பே இணைப்பு அறுந்ததா என்பதையும் ஒரே குறியால் காட்டிவிடும்.

சர்வரின் பல பிரதிகள் ஒரே நேரத்தில் ஒரே கோப்பில் எழுதுகின்றன. ஆனாலும் வரிகள் ஒன்றுக்குள் ஒன்று கலப்பதில்லை. வரி முழுவதையும் நினைவகத்தில் கட்டி முடித்து, கோப்பின் கடைசியில் ஒரே வீச்சில் சேர்ப்பதே அதன் ரகசியம்.

எல்லாவற்றிலும் நுட்பமானது சர்வரின் எச்சரிக்கை உணர்வு. கேட்பவர் அனுப்பும் சொற்களில் மேற்கோள் குறியைச் செருகிப் போலித் தகவலை நுழைக்கலாம். கண்ணுக்குத் தெரியாத கட்டளைக் குறிகளை ஒளித்து, பதிவைப் படிப்பவரின் திரையையே குழப்பலாம். 2003இல் வந்த 2.0.46 பதிப்பிலிருந்து அத்தகைய எழுத்துகள் தீங்கற்ற குறியீடுகளாக மாற்றியே எழுதப்படுகின்றன.

உங்களுக்கென்று ஓர் இணையதளம் இருந்தால், அதன் அணுகல் பதிவில் பத்து வரிகளையாவது படித்துப் பாருங்கள். எந்தப் பக்கத்தைத் தேடி வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்பதை 404 என்ற எண்ணே உங்களுக்குச் சொல்லிவிடும்.