மூச்சு வாங்க மேலே வரும் தோமான்

மலேசியாவின் கேமரன் மலையில், கோலா தெர்லா தேயிலைத் தோட்டத்து ஓடைகளில் பெரிய மீனுக்கு வேலையில்லை. கீழே ரிங்லெட் ஏரி இருக்கிறதே என்றால், 1963இல் சுல்தான் அபு பாக்கார் அணையோடு பிறந்த அந்த ஏரியை மலைச்சரிவு மண் வருஷா வருஷம் நிரப்பிக்கொண்டிருக்கிறது. அதனால் தூண்டில் பித்துப் பிடித்தவர்கள் கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கி, ஈப்போவையும் கிரிக்கையும் தாண்டி, பேராக்கின் தெமெங்கோர் ஏரிக்குப் போகிறார்கள். தேடிப் போவது தோமான் என்ற மீனை.

தோமான் நம் விராலுக்குப் பங்காளி. அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தவருக்கு மலேசியாவில் ஆக்கிப்போடும் ஹருவானும் விரால்தான். ஆனால் ஹருவான் பொதுவாகச் சின்னது. தோமான் ஒரு மீட்டரைத் தாண்டும், 20 கிலோவைத் தொடும்.

இவ்வளவு பெரிய வேட்டைக்காரனுக்குச் செவுள் மட்டும் போதாது. அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கியாக வேண்டும். வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். தூண்டில்காரர் காத்திருப்பது அந்த ஒரு வாய்க்காகத்தான். படகின் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பட்டுப்போய் நீரில் நிற்கும் மரங்களுக்கு நடுவே கண்ணை ஓட்டுவார். எங்கோ ஒரு சுழிப்பு, சின்னதாய் ஒரு 'பொளக்'. மீன் திரும்பியிருக்கும் திசையைக் கணித்து, அதற்கும் அப்பால் ரப்பர் தவளையை வீசி இழுக்க வேண்டும். தங்கூசியின் நுனியில் ஒரு சாண் கம்பி கட்டாயம். இல்லையென்றால் பல் பட்ட மாத்திரத்தில் அறுந்துவிடும்.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு, கொஞ்சம் வெட்கக்கேடான வழி. தோமான் குஞ்சுகள் செந்நிறத்தில் நூற்றுக்கணக்காய் ஒன்றாகத் திரியும். அவையும் காற்றுக்கு வரும்போது தண்ணீர் உலைபோலக் கொதிக்கும். அடியில் தாயும் தகப்பனும் காவல். அந்தக் கூட்டத்துக்குள் தவளை விழுந்தால், பசி இருக்கிறதோ இல்லையோ, பெற்றது பாய்ந்தே தீரும். இப்படிப் பிடிப்பதைத் திறமை என்று சொல்ல முடியாது. காவல் போன குஞ்சுகளை செபாராவ் மாதிரி மீன்கள் மொய்த்துக்கொள்ளும்.

மலேசியாவில் மட்டுமல்ல, கேரள ஆறுகளிலும் தோமான் உண்டு என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 1865இலேயே மீனியலாளர் பிரான்சிஸ் டே அந்தக் கேரள மீனை ஒரு குஞ்சை வைத்துத் தனி இனமாக விவரித்திருந்தார், ஆனால் பிறகு அது தோமான் என்றே கருதப்பட்டது. 2011இல் வந்த மரபணு ஆய்வு, டே சொன்னதே சரி, அது மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய வேறு மீன் என்று காட்டியது.

தெமெங்கோரில் பிடித்ததை விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். குறட்டால் கொக்கியைக் கழற்றி, வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து, தண்ணீரிலேயே கொஞ்ச நேரம் பிடித்திருப்பார்கள். விரலை மட்டும் வாய்ப்பக்கம் கொண்டுபோக மாட்டார்கள்.