பழைய காருக்கேற்ற எஞ்சின் பிளாக்

அமெரிக்காவில் பழைய கார்களைப் புதுப்பிப்போர் பலர் நாடுவது ஷெவர்லேயின் எட்டுச் சிலிண்டர் எஞ்சினை. 'சிறு பிளாக்' எனப்படும் இவ்வகை 1955இல் 265 கன அங்குலக் கொள்ளளவுடன் வெளிவந்தது. 1967இல் 350 கன அங்குல எஞ்சினும் வந்தது. பிளாக் என்பது வார்ப்பிரும்பாலான உடற்பகுதி. அது வெடித்தால் மற்றப் பாகங்களுக்குச் செலவிட்ட பணமெல்லாம் வீண்.

350இல் இருவகை உண்டு. ஒன்றில் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங் மூடி ஒவ்வொன்றையும் இரண்டு போல்ட்டுகளே பிடித்துள்ளன. மற்றதில் நடுமூன்று மூடிகளுக்கும் நந்நான்கு. பின்புறத்திலுள்ள வார்ப்பெண்ணைப் பார்த்து வகையறிய முயல்வர் சிலர். 3970010 என்னும் எண் இருவகையிலும் காணப்படுவதால் அது பயன்தராது. அடியிலுள்ள எண்ணெய்த் தட்டைக் கழற்றியே பார்க்கவேண்டும். நான்கு போல்ட்டென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பதும் சரியன்று. சாதாரணமாகச் சாலையில் ஓடும் வண்டிக்கு இரண்டே தாராளம்.

உண்மையில் ஆராயவேண்டுவது சிலிண்டர்ச் சுவரின் கனம். இதன் விட்டம் 4 அங்குலம். தேய்ந்த சிலிண்டரை அங்குலத்தின் ஆயிரத்தில் 30 பங்கு அகலப்படுத்துவது வழக்கம். 60 பங்கு குடைந்தாலோ, வார்க்கும்போது உள்ளச்சு சற்றே நகர்ந்திருப்பின், ஒருபக்கச் சுவர் மிக மெலிந்துவிடும். ஆகவே கேளா ஒலியலைக் கருவியால் கனத்தை அளந்த பின்னரே குடையத் தொடங்கவேண்டும். முன்பே 60 பங்கு குடைந்த நான்கு போல்ட் பிளாக்கைவிட, ஒருமுறையும் குடையாத இரண்டு போல்ட் பிளாக்கே மேல்.

வெடிப்பைக் கண்டறிய, பிளாக்கைக் காந்தமூட்டி இரும்புப் பொடி தூவுவர். கண்ணுக்குப் புலப்படாத கீறலிலும் பொடி ஒட்டிக் கோடாகத் தெரியும். குளிர்ப்பகுதிகளில், உள்ளே தேங்கிய நீர் உறைந்து பக்கச்சுவரைப் பிளந்திருப்பதும் உண்டு.