காப்பியின் விலையும் கடற்கரையின் விலையும்

ஒரு கோப்பைக் காப்பியின் விலையில் என்னென்ன அடங்கியுள்ளன என்று கேட்டால், பால், சர்க்கரை, காப்பித்தூள், எரிபொருள், ஆட்கூலி என்று எவரும் வரிசையாகச் சொல்லிவிடுவர். தவளக்குப்பத்துச் சந்திப்பில் பேருந்துக்குக் காத்து நின்றபடி நாம் அருந்தும் காப்பிக்கு இக்கணக்கு ஏறக்குறையப் பொருந்தும். புதுவை நகரின் கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் அண்மைக் காலத்தில் தோன்றியிருக்கும் அலங்காரக் காப்பிக்கடைகளுக்கு அது பொருந்துவதில்லை. அங்கே ஒரு கோப்பைக்கு இருநூறு ரூபாயும் அதற்கு மேலும் கேட்கிறார்கள். அவர்கள் கறக்கும் பசு வேறு பசு அன்று. அப்படியிருக்க, எஞ்சிய பணம் எங்கே போகிறது? நல்லவாட்டிலிருந்து நகரத்துக் கல்லூரிக்குச் சென்றுவரும் மாணவர் சிலர் என்னிடம் எழுப்பிய வினா இது. நல்லவாட்டுக் கடற்கரையிலே வாழ்பவன் என்ற முறையில், இதற்கு விடை காண்பதில் எனக்கும் அக்கறை உண்டு.

தெருமுனைக் கடைக்காரர் விற்பது காப்பி. பத்து நிமிடத்தில் ஒருவர் அருந்தி எழுந்து போக, அடுத்தவர் வந்து நிற்கிறார். அலங்காரக் கடையில் விற்கப்படுவதோ பெரும்பாலும் இருக்கை. குளிரூட்டிய அறை, மெல்லிய இசை, மின்விசை, இணையத் தொடர்பு ஆகியவற்றோடு இரண்டு மணி நேரம் ஒருவர் அமர்ந்திருப்பதற்கான கட்டணத்தைக் கோப்பையில் ஊற்றித் தருகிறார்கள். இவற்றோடு புதுமை என்னும் சரக்கும் உண்டு. ஒரு கடையில் சுவர் முழுவதும் பழைய தட்டச்சுப் பொறிகள். மற்றொன்றில் தலைக்கு மேலே மிதிவண்டி தொங்குகிறது. இன்னொரு கடையில், கிழிந்த மீன்வலையையும் கட்டுமரத் துடுப்பு ஒன்றையும் சுவரில் மாட்டியிருக்கக் கண்டேன். துடுப்புக்கு அங்கே என்ன வேலை என்று சிறிது நேரம் எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு கோப்பையின் விலையிலும் அதற்கும் ஒரு பங்கு இருக்கவேண்டும்!

இருக்கைக்குத்தான் விலை என்று சொல்லிவிட்டால் வினாவுக்கு விடை முழுதும் கிடைத்துவிட்டதா? இல்லை. குறைந்த விலையில் ஒரு காப்பியை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக அமர்ந்து பேசும் இடங்களும் இந்நாட்டில் இருந்துள்ளன. காப்பி வாரியம் நடத்திவந்த காப்பி இல்லங்கள் மூடப்பட்டபோது, வேலையிழந்த தொழிலாளர் ஏ. கே. கோபாலன் போன்றோரின் துணையுடன் 1957-ஆம் ஆண்டு முதலாகக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துத் தாமே அவற்றை ஏற்று நடத்தினர். புதுவை நேரு வீதியின் இந்தியன் காப்பி இல்லம் அவ்வகையைச் சேர்ந்தது. யான் மார்ட்டெல் 2001-இல் வெளியிட்ட 'லைஃப் ஆஃப் பை' நாவலின் முன்னுரையிலும் அது இடம்பெற்றிருக்கிறது. அங்கும் இருக்கை உண்டு, நீண்ட பேச்சும் உண்டு. விலைதான் வேறு. ஆகவே வேறுபாட்டிற்குக் காரணத்தை இருக்கையில் மட்டும் தேடினால் போதாது. அந்த இருக்கை நிற்கும் மண் யாருடையது, அதற்கு எவ்வளவு வாடகை என்பதிலும் தேடவேண்டும்.

இந்த வாடகை இயங்கும் முறையைக் கூர்ந்து நோக்கி அதற்கு ஒரு பெயரும் இட்டவர் ரூத் கிளாஸ் என்னும் சமூகவியல் அறிஞர். ஜெர்மனியிற் பிறந்து இலண்டனில் வாழ்ந்த அவ்வம்மையார், உழைக்கும் மக்கள் வாடகைக்குக் குடியிருந்த பழந்தெருக்களில் வசதி படைத்தவர்கள் நுழைவதையும், சிறு வீடுகள் புதுக்கப்பெற்று விலை ஏறுவதையும், பழைய குடிகள் சிறிது சிறிதாக வெளியேறுவதையும் கண்டார். 1964-இல் எழுதிய கட்டுரையில் இம்மாற்றத்திற்கு 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்று பெயரிட்டார். 'ஜென்ட்ரி' என்பது ஆங்கில நாட்டில் நிலமுடைய சீமான்களைக் குறிக்கும் பழஞ்சொல். சொல்லில் சிறிது கேலியும் கலந்திருக்கிறது. நாம் இதனைச் சீமான் குடியேற்றம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இது நிகழ்வது ஏன் என்பதை 1979-இல் நீல் ஸ்மித் என்னும் புவியியலறிஞர் விளக்கினார். ஒரு கற்பனைக் கணக்கால் இதனைப் புரிந்துகொள்வோம். ஒரு தெருவில் பழுதுபட்ட வீடு ஒன்று மாதம் ஆறாயிரம் ரூபாய்க்கு வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. அதே மனையைச் சீர்செய்து காப்பிக்கடைக்கோ விடுதிக்கோ விட்டால் நாற்பதாயிரம் கிடைக்கும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள முப்பத்துநாலாயிரம் ரூபாயைத்தான் ஸ்மித் வாடகை இடைவெளி என்றார். இடைவெளி சிறிதாயிருக்கும் வரையில் எவரும் அத்தெருவைத் திரும்பிப் பாரார். அது பெருகிவிட்டாலோ பணம் தானாகவே அங்கு வந்து சேர்கிறது. முதலில் வெளியேறுகிறவர் வாடகைக்குடி. பின்னர் அவரை நம்பியிருந்த இட்லிக்கடை ஆயாவும் மிதிவண்டி பழுதுபார்ப்பவரும் வெளியேறுகின்றனர். வீட்டுக்கு உரிமையாளர் அவ்வூர்க்காரராயின் அவருக்கு இதனால் நன்மையே என்பதையும் மறைக்கக்கூடாது. மாமல்லபுரத்து ஒத்தவாடைத் தெருப் பக்கத்தில், வெளிநாட்டாருக்கு அறையும் உணவும் அளித்துப் பிழைக்கும் மீனவக் குடும்பங்கள் உண்டு. பட்டா கையில் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே தெருவின் கதை இரண்டு கதைகளாகிவிடுகிறது.

இலண்டனில் இம்மாற்றத்தின் அடையாளமாகவே பேசப்பட்டது ஒரு கடை. பிரிக் லேன் என்பது அந்நகரின் கிழக்குப் பகுதியிலுள்ள தெரு. பிரான்சிலிருந்து ஓடிவந்த பட்டு நெசவாளர், பின்னர் யூதர், பின்னர் வங்காளிகள் என்று அடுத்தடுத்து ஏழைக் குடியேறிகள் வந்து தங்கிய இடம். அங்கே 1743-இல் கட்டப்பெற்ற தேவாலயம் ஒன்று பின்னாளில் யூதர் தொழுகைக்கூடமாகி, 1976 முதல் பள்ளிவாசலாக விளங்குகிறது என்றால், அத்தெருவின் வரலாறு விளங்கும். இத்தெருவில் 2014 டிசம்பரில் பெல்ஃபாஸ்ட் நகரத்து இரட்டைச் சகோதரர் இருவர் 'சீரியல் கில்லர் கபே' என்ற கடையைத் திறந்தனர். பெட்டியில் விற்கும் காலை உணவுத் தானியத்தைக் கிண்ணத்தில் கொட்டிப் பால் ஊற்றித் தருவதுதான் அங்கே வாணிகம். உணவுக்கே அல்லற்படும் குடும்பங்கள் நிறைந்த வட்டாரத்தில் இப்படி ஒரு கடையா என்று செய்தியாளர் கேட்டனர். 2015 செப்டம்பரில் ஓர் எதிர்ப்பு ஊர்வலத்தினர் கடையின்மீது வண்ணச்சாயத்தை வீசினர். உள்ளே இருந்தவர்கள் அஞ்சி ஒதுங்கினர். பெருந்தொற்றுக் காலமாகிய 2020-இல் அக்கடை மூடப்பட்டது.

அவ்வூர்வலத்தினரின் சினம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அவர்கள் வீசிய சாயம் சேரவேண்டிய இடத்தைச் சேரவில்லை என்றே கருதுகிறேன். கடை வைத்தவர்களும் வாடகை கொடுத்தவர்கள்தாம். மழை வருமுன் தும்பி தாழப் பறக்கிறது. தும்பியை அடித்தால் மழை நின்றுவிடாது. கடை மூடிய பிறகு பிரிக் லேன் பகுதியில் வாடகை குறைந்து பழையபடி ஆகிவிடவும் இல்லை.

புதுமையான உணவுக்கடையைக் கண்டு ஊர் முகம் சுளிப்பது நமக்கும் பழையதே. காப்பியே ஒரு காலத்தில் இங்கு வந்தேறிய ஆடம்பரம். வீட்டைக் கெடுக்கும் பழக்கம் என்று பெரியவர்கள் அதனைக் கண்டித்ததுண்டு. காப்பி கிளப்புகள் பெருகியபோது யார் எங்கே அமரலாம் என்பது சாதியைப் பொறுத்திருந்தது. சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் உணவகத்தின் பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் 1957-இல் கிளர்ச்சி நடத்தினார். இன்று அத்தகைய சொல்லை வாசலில் காண்பது அரிது. ஆனால் விலைப்பட்டியலை வாசலில் நின்று படித்துவிட்டு ஓசையின்றித் திரும்பிச் செல்லும் மாணவரை நான் கண்டிருக்கிறேன். அவரை எவரும் தடுக்கவில்லை என்பது உண்மை.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். நகரத்தின் கூட்டம் தெற்கு நோக்கி வருவதற்கு மணலும் ஒரு காரணம் என்றால் வியப்பாயிருக்கலாம். சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டு செல்கின்றன. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்திற்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பெற்றன. வடக்கே செல்லவேண்டிய மணல் அங்கே தடைப்பட்டது. நகரத்தின் மணற்கரை கரைந்துபோய்க் கருங்கற் குவியல்களே மிஞ்சின. பின்னர் 2018 அளவில் கடலினுள் ஒரு தடுப்பு அமைத்து, அக்கரையின் ஒரு பகுதியில் மட்டும் மணலை மீட்டனர். தடுப்புச் சுவருக்குத் தெற்கேயோ மணல் சேர்ந்து கரை அகன்றது. அத்தெற்குக் கரையிலுள்ள சின்ன வீராம்பட்டினத்தின் ஈடன் கடற்கரைக்கு 2021-இல் நீலக்கொடி என்னும் பன்னாட்டுச் சான்று கிடைத்தது. அதற்கும் தெற்கே சுண்ணாம்பாற்றின் முகம், அதன் படகுக் குழாம், அப்பாலுள்ள மணல் திட்டு ஆகியவை சுற்றுலாப் பயணிகளின் வாடிக்கையிடங்களாயின. அங்கிருந்து நல்லவாடு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

மீனவர் ஊரில் வாடகை இடைவெளி வேறு வடிவம் எடுக்கிறது. எங்கள் ஊரில் பெருஞ்செல்வம் வீடுகளில் இல்லை. வீட்டுக்கும் அலைக்கும் இடையிலுள்ள மணலில் இருக்கிறது. படகை ஏற்றுவது அங்கே. வலையை விரித்துச் செப்பனிடுவது அங்கே. மீனை ஏலம் விடுவதும், விலைபோகாததைக் கருவாடாக்குவதும் அங்கேதான். இதற்கு ஒருவரும் ஒருவருக்கும் வாடகை தருவதில்லை. தனிப்பட்டாவும் இல்லை, வழக்காறுதான் உரிமை. வாடகையே இல்லாத நிலத்தில், இன்றைய வருவாய்க்கும் நாளைய வருவாய்க்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரியதாயிருக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அங்கே குடிபெயர்ப்பு அறிவிப்பும் தேவையில்லை. முதலில் கருவாட்டு வாடை பற்றி ஒரு முறையீடு வரும். அடுத்துப் படகு பார்வையை மறைக்கிறது என்பார்கள்.

சென்னை நொச்சிக்குப்பத்தில் நிகழ்ந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். குப்பத்திற்கும் கடலுக்கும் நடுவே இணைப்புச்சாலை ஒன்று போடப்பட்டது. சில ஆண்டுகளில், அச்சாலையோரம் மீன் விற்ற பெண்கள் போக்குவரத்துக்கு இடையூறு எனப்பட்டனர். 2023 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் தானே முன்வந்து அக்கடைகள் பற்றிய வழக்கை எடுத்தது, கடைகள் அகற்றப்பட்டன, மீனவர் சாலையில் அமர்ந்து போராடினர். 2024-இல் அவர்களுக்கென நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. அங்காடி கிடைத்தது நல்லதே. எனினும் சாலை வருவதற்கு முன்பே மீன் விற்றவர்கள், சாலைக்கு இடையூறானது எங்ஙனம் என்பதை மாணவர்கள் சிந்திக்கவேண்டும்.

மக்கள் ஒருங்கே வாழ்வதன் பயன் யாது என்பதற்கு நல்லவாடே சான்று. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலை, சிங்கப்பூரில் வேலையிலிருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் நிலநடுக்கச் செய்தியைக் கண்டு ஊருக்குத் தொலைபேசினார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆதரவில் ஊரில் இயங்கிய அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. கடலிலிருந்து விலகி ஓடுமாறு அதில் அறிவித்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. மூவாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட ஊர்மக்களில் ஓர் உயிரும் போகவில்லை. ஒலிபெருக்கிக்கு எட்டும் தொலைவில் ஊர் முழுவதும் இருந்தது; ஒலித்த குரல் யாருடையது என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆழிப்பேரலைக்குப் பின்னர்ச் சென்னைக் குப்பங்களிலிருந்து வெகு தொலைவிலுள்ள செம்மஞ்சேரிக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டவர்களுக்கு வீடு கிடைத்தது; கடலும் அண்டை வீட்டாரும் கைவிட்டுப் போயினர்.

சட்டம் என்ன சொல்கிறது? 1991-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடங்களைக் கட்டுப்படுத்தியது. ஊர்ப்புறங்களில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது என்றது. 2019-ஆம் ஆண்டின் அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்ப்புறக் கரைகளில் இவ்வெல்லையை 50 மீட்டராகக் குறைத்தது. அந்த எல்லைக்குள்ளும், உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளிச் சுற்றுலாவுக்கான தற்காலிகக் குடில்கள் அமைக்க இடமளித்தது. தற்காலிகக் குடிலில் காப்பி விற்கத் தடையொன்றுமில்லை.

அதே அறிவிக்கையில் பலர் படிக்காமல் விட்டுவிடும் வேறொரு பகுதியும் இருக்கிறது. கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தின் வரைபடங்கள் புல எண் தெரியும் அளவில் வரையப்படவேண்டும். மீனவர் ஊர்கள், அவர்களுடைய பொதுச் சொத்துக்கள், மீன் உலர்த்தும் களங்கள் ஆகியவற்றை அப்படங்களில் குறிக்கவேண்டும். மீனவர்களின் எதிர்கால வீட்டுத் தேவைக்கும் அரசு திட்டமிடவேண்டும் என்பது விதி. வரைவுப் படத்தைப் பொதுமக்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்பதும் முறை. கல்லூரியில் புவியியலோ பொறியியலோ பயில்வோருக்கு இப்படத்தைப் படிக்கத் தெரியும். அவர்களுடைய பாட்டிமார்க்கு எந்த மணலில் எந்தக் குடும்பத்தார் கருவாடு உலர்த்தினர் என்பது தெரியும். இருவரும் சேர்ந்து அமர்ந்து, எங்கள் ஊரின் வலை உலர்த்தும் திடலும் ஏலக்களமும் அந்தப் படத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு பிற்பகல் போதும்.